பத்து நாள் வெளியூர் போய் வந்ததும் வேலை மறுபடி பிடித்துவிட்டது. இது நிலைக்குமா?

மோட்டார்க்காரன்:
கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவில் 12 வருடமாக இருக்கிறேன். போர்வெல் குழாய்க்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்தான் என் வேலை. ஆரம்பத்தில் சாப்பிடும்போதுகூட அதே யோசனையாக இருப்பேன். கடைசி மூன்று வருடமாகக் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கவே கை வரவில்லை. விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச ஆரம்பித்திருந்தோம்.

போன மாதம் சர்வீஸ் ஆட்களோடு என்னையும் புதுக்கோட்டைப் பக்கம் அனுப்பினார்கள். எங்கள் மோட்டார் அடிக்கடி எரிகிறது என்று டீலரிடமிருந்து புகார். கீரமங்கலம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அத்தனை மரத்தையும் சாய்த்துவிட, அந்தப் பெரியவர் கன்று வைத்து, இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கிறது. மோட்டார் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். சுவரில் கரிக்கட்டியால் வரிசையாகத் தேதிகள் எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் மோட்டாரை மேலே தூக்கிய நாள். இரண்டு வருடத்தில் நாலு முறை.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. “ராத்திரி பதினோரு மணிக்கு வந்து பாருங்க தம்பி” என்றார். போனோம். ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட்மீட்டர் முள் 310-ல் நின்றது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசித் தோப்பு அவருடையது. சுற்றிலும் எல்லார் மோட்டாரும் ஓடுகிற நேரம் அது. நான் கணக்குப் போட்டது 415 வோல்ட்டுக்கு. வோல்ட் இறங்கினால் மோட்டார் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும், உள்ளே சுற்றியிருக்கும் கம்பி சூடேறும். காலேஜிலேயே படித்ததுதான். ஆனால் அவர் டெலிவரிக் குழாயில் உள்ளங்கையை வைத்து, “இந்தா, இப்ப திணறுது பாருங்க” என்று என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் நான் வரைந்த மோட்டார் ஓடும்போது அதன் குழாயைத் தொட்டது அன்றுதான்.

திரும்பி வந்ததிலிருந்து எட்டு மணிக்கே ஆபீசில் இருக்கிறேன். இந்த வேகம் வடிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. தக்கவைத்துக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஈரோட்டு விற்பனை:
நண்பரே, ஊர் சுற்றுவதால் வருவதல்ல இது. நான் மாதம் 20 நாள் வெளியூரில்தான் இருக்கிறேன். ஆர்டர், வசூல் என்று மட்டும் பேசிவிட்டு அடுத்த பஸ் ஏறிய நாட்களில் லாட்ஜுக்கு வந்தால் உடம்பு வலிதான் மிச்சம். அந்தப் பெரியவர் கூப்பிட்டதும் ராத்திரி பதினோரு மணிக்குப் போனீர்களே, அதுதான் விஷயம். அடுத்த முறை, எரிந்த மோட்டாருக்குக் கம்பி மாற்றிச் சுற்றுகிற அந்த ஊர் ரீவைண்டிங் பட்டறையில் அரை நாள் உட்காருங்கள். எந்த மோட்டார் எந்த இடத்தில் எரிந்து வருகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

பால்கணக்கு:
அண்ணா, நான் பால் சொசைட்டிகளில் கொழுப்பு அளக்கிற மெஷினுக்கு சாப்ட்வேர் எழுதுகிறேன். ஒருநாள் காலை ஐந்தரைக்கு ஒரு சொசைட்டியில் நின்று பார்த்தேன். வரிசையில் கேனோடு நாற்பது பேர். பால் ஊற்றுகிற அம்மாவின் கை முழுக்க ஈரம், நான் வைத்த சின்ன பட்டன் இரண்டு முறை அழுத்தியும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. பட்டனைப் பெரிதாக்கினேன். அதற்கப்புறம் மாதத்தின் முதல் திங்கள் அந்த சொசைட்டிச் செயலாளருக்குப் போன் செய்வேன். நாலு வருடமாகிறது, ஒரு மாதமும் தவறவில்லை. எனக்கு அந்த ஒரு போன் போதுமாக இருக்கிறது.

மோட்டார்க்காரன்:
இருவருக்கும் நன்றி. இன்று பெரியவருக்குப் போன் செய்தேன். “மழை பேஞ்சிருக்கு, மோட்டாருக்கு ரெண்டு நாள் ஓய்வு” என்று சந்தோஷமாகச் சொன்னார். குறைந்த வோல்ட்டுக்கென்று கனமான கம்பியில் ஒரு மோட்டார் சுற்றச் சொல்லியிருக்கிறேன். அதை அவர் போர்வெல்லில்தான் முதலில் இறக்கப்போகிறோம். அன்று ராத்திரி பதினோரு மணி வரை நானும் கொட்டகையில் இருப்பேன். போகிற வழியில் ரீவைண்டிங் பட்டறைக்கும் ஒரு அரை நாள் ஒதுக்கிவிட்டேன்.