பிரெக்கன்ரிட்ஜில் வீடு வாங்கினால், நாள் வாடகைக்கான உரிமமும் சேர்ந்து வருமா?

பனித்துளி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கொலராடோ மாநிலத்தின் பிரெக்கன்ரிட்ஜில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட ஒரு வீட்டை வாங்கலாம் என்று நானும் என் மனைவியும் ஏறத்தாழ முடிவெடுத்துவிட்டோம். ஆண்டில் ஐந்தாறு வாரங்கள் நாங்கள் தங்கிக்கொண்டு, மற்ற நாள்களில் பனிச்சறுக்குக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கடன் தவணையில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம் என்பதே எங்கள் கணக்கு. விற்பவர் மூன்று ஆண்டுகளின் வாடகை வரவுக் கணக்கைக் கொடுத்திருக்கிறார். வாசற்கதவின் உள்பக்கச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த நகராட்சி உரிமத்தையும் காட்டினார். தரகரும் இதை "உரிமம் உள்ள வீடு" என்றே சொல்லி வருகிறார். ஆனால் உரிமத்தில் அச்சாகியிருப்பது விற்பவரின் பெயர் என்பதைப் பார்த்ததிலிருந்து என் மனம் நிலைகொள்ளவில்லை. உரிமம் வீட்டைச் சேர்ந்ததா, ஆளைச் சேர்ந்ததா? ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்க இன்னும் பத்து நாள் அவகாசம் உள்ளது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மலைச்சரிவு:

உங்கள் ஐயம் சரியானது. பிரெக்கன்ரிட்ஜில் உரிமம் உரிமையாளருக்கு உரியது. வீடு கைமாறும் நாளில் அது முடிந்துவிடும். புதிய உரிமையாளர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே உங்களிடம் கொடுத்த மூன்று ஆண்டு வரவுக் கணக்கு உண்மையாகவே இருந்தாலும், அது அவருடைய வருமானமே தவிர அந்த வீட்டின் வருமானம் அல்ல. இந்த வேறுபாட்டைத் தரகர் தாமாகச் சொல்லாதது வருத்தத்துக்குரியது.

புதிய உரிமம் எளிதில் கிடைத்துவிடுமா என்பது வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2021-இல் நகர மன்றம் இத்தகைய உரிமங்களுக்கு 2,200 என்று உச்சவரம்பு விதித்தது. மறு ஆண்டு அதையே மூன்று மண்டலங்களாகப் பிரித்து, சுற்றுலாவுக்கென்றே அமைந்த முதல் மண்டலத்துக்கு 1,680, இரண்டாவதற்கு 130, குடியிருப்புப் பகுதிகள் அடங்கிய மூன்றாவதற்கு 390 என்று ஒதுக்கியது. மூன்றாம் மண்டலத்தில் அப்போதே நடைமுறையில் இருந்த உரிமங்கள் இந்த 390-ஐவிட மிக அதிகம். இருப்பவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. வீடு விற்கப்படும்போது ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே வாங்குபவர் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். வரவேற்பு மேசையும் காவலும் இரவு பகலாக இயங்கும் ஓய்வக வளாகங்கள் மட்டும் இந்த வரம்புக்கு வெளியே இருக்கின்றன.

உரிமம் கிடைத்தாலும் செலவு ஓய்வதில்லை. உரிமக் கட்டணம், தங்கும் வரி, விற்பனை வரி ஆகியவற்றோடு, படுக்கையறை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஓர் ஒழுங்குமுறைக் கட்டணமும் உண்டு. 2022-இல் 400 டாலராகத் தொடங்கிய அது 2023-இல் 756 டாலர் ஆயிற்று. உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,512 டாலர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் வேலை செய்பவர்களுக்கு வீடு ஏற்படுத்த இந்தப் பணம் செலவாகிறது.

இன்னொன்று, பொறுப்பு முகவர். எந்த நேரத்தில் புகார் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் நடவடிக்கை எடுக்கக்கூடிய ஒருவரின் பெயரைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் தங்கியவர்கள் ஒரு பிப்ரவரி இரவு பதினொன்றே காலுக்கு மூன்றாவது வண்டியைப் பனி அள்ளும் வண்டி திரும்பும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். உரிம விண்ணப்பத்துக்காக நாங்கள் வரைந்து கொடுத்த வாகன நிறுத்த வரைபடத்தில் இரண்டே இடங்கள்தான் இருந்தன. புகார் வந்து நாற்பது நிமிடத்தில் எங்கள் முகவர் மண்வெட்டியோடு போய்ச் சக்கரத்தைச் சுற்றியிருந்த பனியை அகற்றி, வண்டியை ஓட்டுநரைக் கொண்டே வெளியே எடுக்க வைத்தார். தொலைவில் இருக்கும் உரிமையாளர் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பது அங்கே பதில் நடவடிக்கையாகாது.

பனித்துளி:

மிக்க நன்றி. மண்டல வரைபடத்தைப் பார்த்தேன். வீடு மூன்றாம் மண்டலத்தில்தான் இருக்கிறது. இதே விலையில், பிரெக்கன்ரிட்ஜ் என்றே முகவரி உள்ள வேறொரு வீட்டையும் பார்த்திருந்தோம். அது நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் இந்த விதிகள் எதுவும் பொருந்தாது என்கிறார் தரகர். அதை நம்பலாமா?

நீலஆறு:

நகரத்தின் விதிகள் பொருந்தாது என்பது மட்டும் உண்மை. அஞ்சல் முகவரி ஆட்சி எல்லையைக் காட்டாது. நகரத்துக்கு வெளியே உள்ள இடங்கள் சம்மிட் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவின்) ஆளுகைக்குள் வருகின்றன. அங்கே தனியாக ஓர் உரிமமும் தனி வரம்பும் உள்ளன. நகராட்சி எல்லைக்கு உட்படாத நிலப்பகுதிகளில் நாள் வாடகைக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் 2020-இல் கவுண்டிகளுக்குத் தெளிவாகவே கொடுத்துவிட்டது. சம்மிட் கவுண்டி தன் பகுதியை ஓய்விட மண்டலம், குடியிருப்பு மண்டலம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. குடியிருப்பு மண்டலத்தில் பகுதிவாரியாக எண்ணிக்கை வரம்பு உண்டு. அதோடு, உரிமையாளர் வசிக்காத வீட்டுக்கு ஆண்டுக்கு 35 முன்பதிவுகளுக்கு மேல் அனுமதி கிடையாது. உங்கள் கணக்கை இந்த 35-ஐ வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். வார இறுதிக்கு இரண்டு இரவு தங்குபவரும் ஒரு முன்பதிவு, ஏழு இரவு தங்குபவரும் ஒரு முன்பதிவு.

எல்லைகளே மாறுவதும் உண்டு. இதே கவுண்டியிலுள்ள கீஸ்டோன் 2024-இல் தனி நகரமாயிற்று; ஒரே வீட்டுக்கு விதி எழுதும் மன்றம் அன்றோடு மாறிவிட்டது. ஆகவே தரகரைக் கேட்பதைவிட, மனை எண்ணைக் கொண்டு நகர அலுவலகத்திலும் கவுண்டி அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவதே பாதுகாப்பு. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகளையும் தனியே வாங்கிப் படியுங்கள்; அரசு அனுமதித்ததைச் சங்கம் தடுக்கலாம்.

கொலராடோவின் வேறு ஊர்களுக்குப் போகலாம் என்று தோன்றினால், அங்கும் இதே பாடுதான், வடிவம்தான் வேறு. ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஊரையே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரித்துச் சிவப்பில் புதிய உரிமத்தை நிறுத்திவிட்டது. 2022 நவம்பரில் அங்கே நாள் வாடகை மீது 9 விழுக்காடு கூடுதல் வரிக்கு வாக்காளர்களே ஒப்புதல் தந்தார்கள். ஆஸ்பனில் உரிமையாளர் வசிக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 இரவுகள் வரைதான் விடலாம்.

இரவுப்பணி:

நான் இந்த மலையூர்களில் ஒன்றில் மருத்துவமனைப் பணியில் இருக்கிறேன், வாடகைக்குக் குடியிருப்பவள். நீங்கள் வீடு வாங்குவதைத் தவறென்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வரம்புகள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் அவற்றை வெறும் இடையூறாகப் பார்க்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். 2021-இல் நான் இருந்த வீடு விற்கப்பட்டு நாள் வாடகைக்குப் போயிற்று. அடுத்த ஏழு மாதங்கள் ஒரு கணவாயைத் தாண்டி வேலைக்கு வந்தேன். பனிச்சரிவு அபாயத்தால் சாலை மூடப்பட்ட இரண்டு இரவுகளில், எனக்கு முந்தைய பணியில் இருந்தவரே தொடர்ந்து பதினாறு மணி நேரம் நின்றார். பனிச்சறுக்கில் கால் முறிந்து வருபவரைப் பார்க்க ஊருக்குள் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஊருக்குள் ஒரு வீடு வேண்டும்.

உங்களுக்கு ஒரு வழி சொல்ல முடியும். முப்பது நாளோ அதற்கு மேலோ தங்குபவருக்கு விடும் வாடகை இந்த உரிம வரம்புக்குள் வராது. மேலும், இனி இங்கே வேலை செய்பவரே குடியிருக்கலாம் என்று பத்திரத்தில் நிரந்தரமாகப் பதிந்து தரும் உரிமையாளருக்கு நகரமே பணம் தரும் திட்டமும் உண்டு. வேல் (Vail) என்ற பனிச்சறுக்கு நகரம் 2017-இலேயே அப்படித் தொடங்கியது, பிரெக்கன்ரிட்ஜிலும் இருக்கிறது. நாள் வாடகையில் வரும் தொகை இதில் வராது. ஆனால் பத்திரத்தில் பதிந்தால் நீங்களும் விடுமுறைக்கு வந்து தங்க முடியாது என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பனித்துளி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சகோதரி எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். நாங்கள் இந்தப் பக்கத்தை எண்ணிப் பார்க்கவே இல்லை. நகர அலுவலகத்துக்கும் கவுண்டிக்கும் இன்று காலை மனை எண்ணோடு எழுதிவிட்டேன். மூன்றாம் மண்டல வீட்டிலிருந்து விலகிக்கொள்வதாகத் தரகருக்குத் தெரிவித்துவிட்டோம். வேறொரு வீட்டைப் பார்த்தால், வாடகை வரவே இல்லாமல் தவணை கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டே முன்பணம் கொடுப்போம்.

மலைச்சரிவு:

நல்ல முடிவு. விலகும் கடிதத்தை அவகாச நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் முன்பணம் திரும்பி வருவது கடினம்.