சஸ்காட்சுவானில் இருநூறு பேருக்கும் குறைவான ஒரு சிற்றூர்: குடும்பத்தோடு குடியேறலாமா?

கேள்வி – பொருநைச்செவிலி

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தின் தென்மேற்கில் உள்ள ஒரு சிற்றூரின் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எனக்குச் செவிலியர் பணி கிடைத்திருக்கிறது. சுவிஃப்ட் கரண்ட் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போக வேண்டும். ஊரின் மக்கள்தொகை இருநூறைக்கூடத் தொடவில்லை. கணவரும் எட்டு வயது மகளும் என்னுடன் வருவார்கள்.

சம்பளம், வாடகை, உரிமத் தேர்வு ஆகியவற்றைப் பற்றி விசாரித்துவிட்டோம். ஊரைப் பற்றித்தான் ஒன்றும் விளங்கவில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு பழைய ரயில் பாதையை ஒட்டி ஏறக்குறையச் சம இடைவெளியில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் அவற்றுள் சிலவற்றில் இன்று இரண்டு மூன்று வீடுகளும் ஒரு கல்லறைத் தோட்டமும் மட்டுமே இருக்கின்றன. இவ்வளவு நெருக்கமாக ஊர்களை அமைத்துவிட்டு ஏன் கைவிட்டார்கள்? எஞ்சியிருக்கும் ஊர்கள் எதை நம்பி நிற்கின்றன? அப்படிப்பட்ட ஊரில் வெளியிலிருந்து வரும் ஒரு குடும்பம் ஒட்டிக்கொள்ள முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – ரெஜைனாவாசி

வணக்கம் சகோதரி. நீங்கள் கவனித்த அந்தச் சம இடைவெளிக்குக் காரணம் குதிரை வண்டி. 1872ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி பத்து டாலர் கட்டணம் செலுத்தி, மூன்று ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, நிலத்தின் ஒரு பகுதியை உழுது காட்டிய குடியேறிக்கு 160 ஏக்கர் சொந்தமாகும். அப்படி வந்தவர்கள் விளைவித்த கோதுமையை வண்டியில் ஏற்றிச் சென்று விற்றுவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டியிருந்ததால், ரயில் நிறுவனங்கள் பத்து முதல் பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டே போயின. நிறுத்தம் இருந்த இடத்தில் கடை, பள்ளி, தேவாலயம், தங்கும் விடுதி எல்லாம் முளைத்தன. 1901இல் ஏறத்தாழ 91,000 பேர் வாழ்ந்த இந்த நிலப்பரப்பில் 1911இல் 4,92,000 பேர் இருந்தார்கள் என்றால், அந்த ஊர்கள் எவ்வளவு வேகத்தில் எழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. அந்த நிலம் ஆளில்லாமல் கிடந்த நிலம் அன்று. தெற்கு சஸ்காட்சுவானின் பெரும்பகுதி, முதற்குடி மக்களோடு அரசு 1874இல் கையெழுத்திட்ட நான்காம் உடன்படிக்கைக்கு உட்பட்டது. காட்டெருமை மந்தைகள் அழிந்து, பட்டினியால் தளர்ந்திருந்த முதற்குடி மக்கள் ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் ஒடுக்கப்பட்ட பிறகே 160 ஏக்கர் துண்டுகள் பங்கிடப்பட்டன. நீங்கள் போகும் பகுதியில், சைப்ரஸ் குன்றுகளை விட்டு அகல மறுத்த நெகானீட் என்ற முதற்குடி மக்களுக்கு ஒதுக்கீட்டு நிலம் 1913இல்தான் கிடைத்தது. ஊர்களின் வரலாற்றைப் பேசும் பலர் இதைத் தாண்டிச் சென்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

இனி எலிவேட்டர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருப்புப்பாதையை ஒட்டி நின்ற உயரமான மரத் தானியக் கிடங்குக்கு இங்கே அதுதான் பெயர். தானியம் வெளிப்புறமாகத் தள்ளும் அழுத்தத்தைத் தாங்குவதற்காக, பலகைகளைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அறைந்தே அதன் சுவர்களை எழுப்பினார்கள். வண்டி உள்ளே வந்ததும் எடைமேடையில் நிறுத்தி நிறை பார்ப்பார்கள். தானியத்தைத் தரைக்கடியில் உள்ள குழியில் கொட்டியதும், பட்டையில் கோத்த கிண்ணங்கள் அதை அள்ளி உச்சிக்குக் கொண்டுசெல்லும். அங்கிருந்து குழாய் வழியாக உரிய அறைக்குள் விழும். பின்னர் ரயில் பெட்டி வந்து நிற்கும்போது தன் எடையாலேயே அதற்குள் இறங்கும். சஸ்காட்சுவான், அல்பெர்ட்டா, மனிடோபா ஆகிய மூன்று சமவெளி மாகாணங்களிலும் சேர்த்து 1930களின் தொடக்கத்தில் 5,700க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன. ஊரின் பெயர் அதன் சுவரில்தான் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். சமதரை என்பதால் வெகு தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

ஊர்கள் தேய்ந்ததற்கு ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. தென்மேற்குப் பகுதி வறண்டது என்பதை 1857 முதல் 1860 வரை ஆய்வுப் பயணம் செய்த ஜான் பாலிசர் அப்போதே எழுதிவைத்தார். 1930களின் புழுதிப் புயல்கள் அது உண்மை என்று காட்டின. பிறகு லாரியும் நல்ல சாலையும் வந்ததால், பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் தேவைப்படவில்லை. அரசும் ரயில் நிறுவனமும் 1897இல் செய்த ஒப்பந்தத்தில் தொடங்கி நெடுங்காலம் நீடித்த தானியச் சரக்குக் கட்டணச் சலுகை 1995இல் முடிவுக்கு வந்ததும், கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டன. மர எலிவேட்டர்கள் இடிக்கப்பட்டன. நூறு பெட்டிகளுக்கும் மேல் கொண்ட ரயிலை ஒரே இடத்தில் நிரப்பும் கான்கிரீட் கிடங்குகள் வெகு தூரத்துக்கு ஒன்றாக எழுந்தன. அதே காலத்தில் பண்ணைகளும் பெருத்துக்கொண்டே போயின. 1936இல் இம்மாகாணத்தில் 1,42,000க்கும் மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 34,000. நிலம் குறையவில்லை, அதை உழும் குடும்பங்களே குறைந்தன. குடும்பம் குறைந்தால் கடைக்கு ஆளில்லை, பள்ளிக்குப் பிள்ளையில்லை.

எனவே, இவ்வூர்கள் கைவிடப்பட்டதை ஊரார் செய்த தவறாக நான் பார்ப்பதில்லை. எந்தத் தேவைக்காக அவை அமைக்கப்பட்டனவோ அந்தத் தேவை ஓர் ஆயுட்காலத்துக்குள் மறைந்துவிட்டது. இன்றும் நிற்கும் ஊர் எதைக் கொண்டு நிற்கிறது என்ற உங்கள் கேள்விக்கு, அங்கேயே வாழ்பவர்கள் விடை சொல்வதுதான் முறை.

மறுமொழி 2 – தெற்குச்சமவெளி

நான் அத்தகைய ஓர் ஊரில் வாழ்பவன்; மனைவி இங்கே பள்ளி ஆசிரியை. ரெஜைனாவாசி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். என் அனுபவத்தில், எஞ்சிய ஊர்களைத் தாங்குபவை ஊரார் தாங்களே சேர்ந்து நடத்தும் பொது இடங்கள்தாம்: பனிச்சறுக்கு அரங்கம், சமுதாயக் கூடம், தன்னார்வத் தீயணைப்புக் குழு, கூட்டுறவுக் கடை. இந்த மாகாணத்தின் விவசாயிகள் 1920களில் தங்கள் கோதுமையைத் தாங்களே விற்பதற்குப் பெரும் கூட்டுறவு அமைப்பொன்றைக் கட்டியவர்கள் என்பதால், பொதுவில் ஒன்றை நடத்துவது இவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்.

அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பனி ஹாக்கியும், பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங்கும் அங்கேதான். குளிர் இறங்கியதும் சிலர் இரவில் முறைவைத்துத் தண்ணீரை மெல்லிய அடுக்குகளாக ஊற்றிப் பனித்தளம் எழுப்புவார்கள். ஓர் அடுக்கு நன்றாக உறையாமல் அடுத்ததை ஊற்றினால் தளம் மேடுபள்ளமாகிவிடும். அரங்கத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு வறுவலும் பர்கரும் விற்று வரும் பணத்தில்தான் மின்கட்டணத்தின் ஒரு பகுதி கட்டப்படுகிறது. சமையலறை முறைப் பட்டியலில் எங்கள் பெயர் வந்தது நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலத்திலேயே. யாரும் எங்களிடம் சம்மதம் கேட்கவில்லை. ஊரில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதிவிட்டார்கள். அதைவிட மனமார்ந்த வரவேற்பு எங்களுக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

அறுவடை முடிந்த பிறகு ஊர்க்கூடத்தில் இலையுதிர்கால விருந்து நடக்கும். வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, உக்ரைனியக் குடும்பங்கள் செய்துவரும் முட்டைக்கோஸ் சுருள், பெரோகி என்ற பூரணம் வைத்த கொழுக்கட்டை, சஸ்காட்டூன் என்ற சிறு பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்பு எல்லாம் நீண்ட மேசையில் வரிசையாக இருக்கும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். நாமும் அவர்கள் விருந்துக்குப் போக வேண்டும் என்பது எழுதப்படாத முறை. நாங்கள் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனோம். மறு ஆண்டு அதை எதிர்பார்த்தே கேட்டார்கள். ஒரு விவசாயி அறுவடை நேரத்தில் நோயில் விழுந்தால், அக்கம்பக்கத்தார் தம் வயலை நிறுத்திவிட்டு அறுவடை இயந்திரங்களோடு அவர் வயலில் இறங்குவது இப்பகுதியில் இன்றும் உள்ள வழக்கம்.

உங்கள் மகள் படிக்கப்போகும் பள்ளியைப் பற்றி மட்டும் மிகக் கவனமாக விசாரியுங்கள். சில வகுப்புகள் ஒரே அறையில் இணைந்து நடக்கும். என் மனைவி அப்படித்தான் கற்பிக்கிறார், பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை சரிந்து பள்ளி மூடப்பட்டால், பிள்ளைகள் நாள்தோறும் பேருந்தில் வெகு தூரம் போக வேண்டியிருக்கும்; அதன்பின் இளம் குடும்பங்கள் வரமாட்டா.

மறுமொழி 3 – மூஸ்ஜா_செவிலி

சகோதரி, உங்கள் துறையிலேயே இருப்பவள் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் போகும் பகுதிக்கு மருத்துவ வரலாற்றில் தனி இடம் உண்டு. 1915 வாக்கில் இம்மாகாணத்தின் சார்னியா என்ற ஊரக நகராட்சி, தன் மருத்துவர் ஊரை விட்டுப் போய்விடாமல் இருக்க, வரிப்பணத்திலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அந்த ஏற்பாடு மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1946இல் சுவிஃப்ட் கரண்ட் வட்டாரத்தில் அனைவருக்குமான மருத்துவத் திட்டம் தொடங்கியது. 1962இல் அது மாகாணம் முழுமைக்குமானது. பின்னர் நாடு முழுவதும் பரவியது. கனடா இன்று பெருமை கொள்ளும் மருத்துவ முறை, ஒரு மருத்துவரைத் தக்கவைக்கப் போராடிய சிற்றூர்களில் வேர்கொண்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வூர்கள்மீது மரியாதை கூடுகிறது.

அதே மாகாணத்தில் 1993இல் 52 ஊரக மருத்துவமனைகள் மூடப்பட்டன அல்லது சுகாதார மையங்களாக மாற்றப்பட்டன. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. முதியவர்கள் அதைப் பற்றி உங்களிடம் கட்டாயம் பேசுவார்கள். செவிலியர் பற்றாக்குறையால் சில ஊர்களில் அவசரச் சிகிச்சைப் பிரிவு தற்காலிகமாக மூடிக்கிடப்பதும் நடக்கிறது. ஆகையால் உங்கள் வேலை அவ்வூருக்கு மிகப் பெரிது. நீங்கள் வந்தால் ஒரு முதியவர் தம் மனைவியின் பக்கத்திலேயே, தாம் உழுத மண்ணிலேயே கடைசிக் காலத்தைக் கழிக்க முடியும்.

ஆனால் தெற்குச்சமவெளி அவர்கள் எழுதியதோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். பொதுப்பணி முழுவதையும் ஊரில் அதே பத்துப் பதினைந்து பேர்தான் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். தீயணைப்பு வண்டியை ஓட்டுபவரே ஊர்மன்றத்தில் இருப்பார், அவரே பனித்தளத்தையும் பார்ப்பார். அவர்களுக்கு வயதாகிறது. இரவுப் பணி பார்க்கும் செவிலியால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட முடியாது. தொடக்கத்திலேயே ஒன்றிரண்டை மட்டும் ஏற்றுக்கொள்வது நல்லது. வேலை இல்லாமல் வீட்டிலிருக்கும் துணைவருக்குத் தனிமை கடுமையாக இருக்கும்; சிலர் ஓராண்டுக்குள் ரெஜைனாவுக்கோ கால்கரிக்கோ போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஊராரின் அன்புக் குறைவு காரணமாக இருந்ததில்லை. செய்ய வேலையும் பேசத் துணையும் இல்லாததே காரணம்.

பொருநைச்செவிலி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மருத்துவமனைகளைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு இந்த வேலையை ஏற்க வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. கணவர் மின்பணியாளர், அவருக்கு அங்கே வழியுண்டா? காரில்லாமல் முதல் சில மாதங்களை ஓட்ட முடியுமா?

மறுமொழி 2 – தெற்குச்சமவெளி

மூஸ்ஜா_செவிலி எழுதிய மாறுபட்ட கருத்து நியாயமானது. ஆட்கள் சோர்ந்துபோவது எங்கள் ஊரிலும் உண்மைதான்.

மின்பணியாளருக்கு இங்கே வேலை நிறைய உண்டு. தானியக் கிடங்குகள், உலர்த்திகள், பண்ணைப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் ஆள் தேடுகிறார்கள். ஆனால் இம்மாகாணத்தின் தகுதிச் சான்று இல்லாமல் தனியாகத் தொழில் செய்ய முடியாது. அவர் இந்தியாவிலிருந்தே பணி அனுபவக் கடிதங்களை முறையாக வாங்கிக்கொண்டு வரட்டும், பயிற்சியாளராகச் சேரவும் ஆயத்தமாக இருக்கட்டும்.

கார் இல்லாமல் முடியாது. மாகாண அரசு 1946 முதல் நடத்திவந்த பேருந்துச் சேவை 2017இல் நிறுத்தப்பட்டுவிட்டது. காரில் எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை இறங்கும் இரவுகளில் அதை மின்இணைப்பில் செருகி வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. குளிர்காலச் சக்கரம், கம்பளி, மெழுகுவத்தி, மண்வாரி ஆகியவை எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். மழை பெய்தால் ஜல்லி போடாத களிமண் சாலைகளில் இறங்காதீர்கள், சக்கரம் புதைந்துவிடும்.

முடிந்தால் செப்டம்பருக்குள் வந்துவிடுங்கள். பள்ளி தொடங்கும் நேரம் அது; இலையுதிர்கால விருந்துக்கும் இருப்பீர்கள்; பனி விழுவதற்குள் கணவர் சாலைகளையும் பழகிக்கொள்ளலாம். கையெழுத்திடும் முன், ஊர்மன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், குடிநீருக்கு எச்சரிக்கை ஏதும் நடப்பில் உள்ளதா, வாடகை வீட்டின் வெப்பமூட்டி எவ்வளவு பழையது என்ற மூன்றையும் கேளுங்கள். சிற்றூர்களில் அலுவலகம் வாரத்தில் சில நாள்கள் மட்டுமே திறந்திருக்கும். காலையில் அழைப்பது நல்லது.