எறும்பென்று நினைத்துக் கை வைத்த கதை

திசையன்விளைப் பக்கம் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், நடந்துகொண்டிருந்தேன். கட்டெறும்பு அளவில் ஒன்று, நெஞ்சு செம்பு நிறம், கறுத்த வயிற்றில் வெள்ளைப் புள்ளி, உடம்பெல்லாம் வெல்வெட் போல மயிர். நிற்காமல் ஓடி, கண்ணில் பட்ட பொந்திலெல்லாம் தலையை விட்டுப் பார்த்தது. சின்ன வயதில் மழை விட்டதும் தம்பலப்பூச்சியைத் தீப்பெட்டியில் பிடித்துப் போட்ட கை சும்மா இருக்குமா? இரண்டு விரலால் எடுத்தேன். கீச்சென்று மெல்லிய சத்தம். அடுத்த நொடி சுரீர்! தேள் என்றே நினைத்து உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வரை விண்விண் என்று தெறித்தது.

அது எறும்பே இல்லை, வெல்வெட் குளவி என்று பின்னால்தான் தெரிந்தது. பெண்ணுக்கு இறக்கை கிடையாது. ஆணுக்கு இறக்கை உண்டு, கொடுக்கு கிடையாது. மண்ணில் கூடு கட்டும் தேனீ, குளவிகளின் கூட்டுக்குள் புகுந்து, அங்கே வளர்ந்து முடிந்து தூங்கும் புழுவின் மேல் முட்டை இடுமாம். பொரிந்து வருவதற்கு அந்தப் புழுதான் சாப்பாடு.

*

அண்ணை, உங்களுடையது தனி ஆள். நான் பார்த்தது படை. ஜெனீவாவுக்கு வெளியே, ஜூலை மாதம், வேலை முடிந்து வந்த பின்னேரம். செம்பழுப்பு எறும்புகள் புல்லுக்குள்ளால் சாரை சாரையாக ஓடின. கொஞ்ச நேரத்தில் அதே வழியால் திரும்பின. வாயில் ஆளுக்கொரு அரிசி! குனிந்து பார்த்தால் அரிசியில்லை, வேறு எறும்பின் கூட்டுப்புழு.

அமேசான் எறும்பு என்று பெயர். தாடை அரிவாள் மாதிரி. எதிரியின் மண்டையைத் துளைக்கலாம், மண் தோண்டவோ குஞ்சுக்கு ஊட்டவோ உதவாது. களவெடுத்து வந்த கூட்டுப்புழுவிலிருந்து வரும் கறுப்பு எறும்புகள் அதையே தங்கள் வீடென்று நம்பி எல்லா வேலையும் செய்யும். இதே ஜெனீவாப் பக்கம் 1804 ஜூனில் எறும்பு ஆராய்ச்சியாளர் பியர் ஊபர் இந்தப் படையெடுப்பைப் பார்த்திருக்கிறார். அப்புறம் 30 அமேசான்களைத் தேனோடு ஒரு பெட்டியில் அடைத்தார். 2 நாளில் பாதிக்கு மேல் பட்டினியில் செத்தன, பக்கத்தில் தேன் இருக்க! ஒரேயொரு கறுப்பு எறும்பை உள்ளே விட்டார். அது மிச்சத்துக்கு ஊட்டி, அறை தோண்டி, புழுக்களையும் பார்த்துக்கொண்டது.

*

கல்லூரியில் பூச்சி சேகரித்தபோது செத்த வெல்வெட் குளவி ஒன்றைக் குத்தப் பார்த்தேன், ஊசிதான் வளைந்தது. தேனீக்கள் கொட்டினாலும் தாங்கத்தான் அந்த ஓடு. தேரிக்கார அண்ணே, உங்கள் விரல் எம்மாத்திரம்!

*

கீச்சென்றபோதே விட்டிருக்கலாம், தம்பி. பாட்டுப் பாடுகிறது என்று காதருகே கொண்டுபோனேன்.