உதவி தேவை: அப்பத்தாவின் மாத்திரை பாதியாக உடையாமல் நொறுங்குகிறது

கோட்டையூர் பேத்தி:
அப்பத்தாவின் மருந்துச் செலவு கட்டுப்படியாகாததால், இரட்டிப்பு அளவுள்ள மாத்திரைகளை வாங்கிப் பாக்குவெட்டியால் இரண்டாக்கிக் கொடுக்கிறேன். ஒரு துண்டு பருத்தும் மற்றது சிறுத்தும் போவதோடு, கீழே விரித்த தாளில் வெள்ளைப் பொடியும் உதிர்கிறது. இன்றிரவுக்குள் வழி சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்:
என்ன மாத்திரை? எத்தனை மில்லிகிராம்? நடுவில் கோடு உண்டா?

காரைக்குடியான்:
பாக்குவெட்டியில்தான் கோளாறு. அது பாக்கை நெரித்துப் பிளப்பதற்கானது. மாத்திரை வெட்டவே பிளேடு பொருத்திய சிறு பெட்டி மருந்துக்கடைகளில் கிடைக்கும்.

தேவகோட்டை மூத்தவர்:
இதைப் பலமுறை விளக்கியாயிற்று. பழைய உரையாடல்களைப் படித்துவிட்டுக் கேட்பதே முறை. மருந்தைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிப்பது படித்தவர் செய்யும் காரியமன்று.

பள்ளத்தூர் வாசகர்:
ஐயா, அவர் அளவைக் குறைக்கவில்லை. அளவு இரட்டிப்பானால் விலையும் இரட்டிப்பாவதில்லை என்பதால் அப்படி வாங்குகிறார்.

கோட்டையூர் பேத்தி:
கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, சர்க்கரைக்கு மெட்பார்மின் எஸ்.ஆர். 1000. சீட்டில் இருப்பவை 20, 500. நொறுங்குவது சர்க்கரை மாத்திரைதான். அதில் கோடு இல்லை. மருத்துவரிடம் கேட்கவில்லை.

புதுக்கோட்டை மருந்தாளுநர்:
அம்மா, அந்த எஸ்.ஆர். மாத்திரையை இனி உடைக்காதீர்கள். மருந்தைப் பல மணி நேரம் சிறுகச் சிறுக விடும்படி செய்யப்பட்ட அது நொறுங்கினால், மருந்து வேகமாக இறங்கிக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். சீட்டில் உள்ள 500 அளவையே இன்று வாங்கிவிடுங்கள். குடலில் கரைவதற்காகப் பூச்சிட்ட மாத்திரைகளையும் கேப்சூல்களையும் வெட்டக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினில் துண்டுகள் சற்று முன்பின்னாக இருந்தாலும் பெரிய பாதகமில்லை. ஆயினும் ‘40-இல் பாதி’ என்று மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். முழு அட்டையையும் ஒரே நாளில் வெட்டி வைக்காமல், ஒரு மாத்திரையை வெட்டி மறுபாதியை அடுத்த நாளுக்குக் கொடுங்கள். வெட்டிய முகத்தில் ஈரம் ஏறும்.

காரைக்குடியான்:
வெட்டுவதே எதற்கு? 2025 பிப்ரவரி 24-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் விலை குறைவாயிற்றே.

தேவகோட்டை மூத்தவர்:
விலை மலிந்தால் வீரியமும் குறையும்.

புதுக்கோட்டை மருந்தாளுநர்:
அப்படியன்று, ஐயா. மருந்துப் பெயரும் அளவும் வகையும் ஒன்றாயின் வேலையும் ஒன்றே. விலை ஏறுவது பெரும்பாலும் நிறுவனப் பெயருக்காக. தவிர, 2021 ஆகஸ்டு முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே வந்து இலவசமாகத் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பத்தாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

கோட்டையூர் பேத்தி:
500 வாங்கிவிட்டேன். சுகாதார நிலையத்துக்கு நாளை செல்கிறேன். நன்றி.