ஜெரேனியத்த உள்ள எடுத்து வைக்கலாமா

அக்டோபர் 4

டொரன்டோ அக்கா: அத்தை இங்க நைட்டு 9 டிகிரிக்கு வந்துடுச்சு. பால்கனில ஜெரேனியம் இன்னும் பூத்துட்டு நிக்குது, நித்தியகல்யாணி ரெண்டு தொட்டி, துலுக்க சாமந்தி ஒண்ணு. பக்கத்துல எல்லாரும் புடுங்கி போட்டுட்டாங்க, எனக்கு மனசே வரல

காசிமேடு அத்தை: பூக்குற செடிய ஏன்மா புடுங்கணும்

டொரன்டோ அக்கா: ஒரு சீசன் செடின்னுதான் விக்கறாங்க அத்தை, உறைபனி விழுந்தா ஒரே ராத்திரில கருகிடும்

காசிமேடு அத்தை: நித்தியகல்யாணியா ஒரு சீசன்? நம்ம வூட்டு காம்பவுண்டு வெடிப்புல தானா மொளச்சது, யாரும் தண்ணி கூட ஊத்தல, உப்புக்காத்துல வருசம் பூரா பூக்குதே

பெரம்பூர் சித்தப்பா: குளிருதான்மா கொல்லுது, வயசு இல்ல. அது மடகாஸ்கர் செடி, ஜெரேனியம் தென்னாப்பிரிக்கா, ரெண்டும் உள்ள வந்தா பொழைக்கும். சாமந்திய வுட்டுடு, அது விதை கட்டுனா முடிஞ்சுது, காஞ்ச பூவ உதுத்து விதைய கவர்ல போட்டு வை. மத்தத மூணுல ஒரு பங்கு வெட்டிட்டு தெக்கு ஜன்னல்ல வை

காசிமேடு அத்தை: மொதல்ல எலைய திருப்பி பாரு கண்ணு. தட்டுனா வெள்ளையா சின்னதா பறக்குதான்னு பாரு, இருந்தா சோப்பு தண்ணி அடிச்சிட்டு உள்ள எடு, இல்லன்னா வூட்டுல இருக்க மத்த செடிக்கும் ஒட்டிக்கும்

தம்பி: அக்கா வெட்டுன கொம்ப தூக்கி போடாத, கற்பூரவல்லி நடுவோமே அதே மாதிரிதான், ஜெரேனியத்துக்கு மட்டும் வெட்டு வாய் ரெண்டு மூணு மணி நேரம் காயட்டும் அப்புறம் மணல்ல சொருவு, ஈரத்தோட சொருவுனா அழுவிடும்

நவம்பர் 11

டொரன்டோ அக்கா: சித்தப்பா எலையெல்லாம் மஞ்சளாகி கொட்டுது, தெனம் தண்ணி ஊத்துறேன்

பெரம்பூர் சித்தப்பா: அதான் தப்பு. வெயில் கம்மி, செடி குடிக்காது. விரல வுட்டு பாரு, ஒரு இன்ச்சு காஞ்சா மட்டும் ஊத்து. உரம் போடவே போடாத. வெளில இருந்து வந்ததுக்கு கொஞ்சம் எலை கொட்டத்தான் செய்யும், பயப்படாத

காசிமேடு அத்தை: இங்க நேத்துலேர்ந்து மழை, நான் தொட்டியெல்லாம் மாடிப்படிக்கு கீழ ஒதுக்கிட்டேன். நீயும் ஹீட்டர் பக்கத்துல வைக்காதமா, சூட்டுல காஞ்சிடும்

டிசம்பர் 20

டொரன்டோ அக்கா: (போட்டோ) அத்தை பாருங்க, வெளில மைனஸ் 6, ஜெரேனியத்துல ஒரே ஒரு கொத்து, செவப்பு

காசிமேடு அத்தை: அய்யோ என் கண்ணு எவ்ளோ அழகா இருக்கு. அந்த எலை கண்ணாடிய தொடுது பாரு, நைட்டு கொஞ்சம் தள்ளி வை