மறு: 'மோட்டிஃப்' – பயில்கூறு என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு படைப்பில் திரும்பத் திரும்ப வரும் அம்சத்தை ஆங்கிலத்தில் 'மோட்டிஃப்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மீள்படிமம் என்றே வைத்துக்கொள்வோமே, இதற்கு மேல் என்ன யோசனை?

எனக்கும் முதலில் அது போதும் என்றுதான் பட்டது. நேற்று இரவு 'நியோன் ஜெனசிஸ் எவாஞ்செலியன்' 4ஆம் பகுதியைத் திரும்பப் போட்டு, மீள்படிமம் எங்கெல்லாம் பொருந்துகிறது என்று ஒரு தாளில் குறிக்க உட்கார்ந்தேன். பாதியிலேயே சொல் இடறிவிட்டது.

பார்க்காதவர்களுக்கு: ஹிதெயாகி அன்னோ இயக்கிய 26 பகுதி அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படத்) தொடர், 1995 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. எவா என்னும் ராட்சத உருவத்துக்குள் உட்கார்ந்து சண்டை போடச் சொல்லி 14 வயது ஷின்ஜியைப் பெரியவர்கள் நெருக்குகிறார்கள். 4ஆம் பகுதியில் அவன் ஓடிப்போகிறான். ஓடிப்போய் எங்கே சேர்கிறான் என்றால், எங்கேயும் இல்லை. ரயிலில் ஏறிச் சும்மா சுற்றுகிறான். காதில் மாட்டிய பாட்டுக் கருவியில் 25, 26 என்று அதே இரண்டு தடங்கள் ஓடுகின்றன. ரயில் பின்னால் 16ஆம் பகுதியிலும் வரும். அங்கே அவன் மனதுக்குள்ளேயே ஒரு ரயில்பெட்டி இருக்கிறது. இதுவரை மீள்படிமம் சரி.

ஆனால் சில்வண்டுச் சத்தம்? கதைப்படி 2000இல் நடந்த பேரழிவில் பூமியின் அச்சு சாய்ந்து, ஜப்பானில் கோடை முடிவதே இல்லை. அதனால் தொடர் முழுக்கச் சில்வண்டு கத்திக்கொண்டே இருக்கும். அதைப் படிமம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காதுக்கும் படிமம் உண்டு என்று இங்கே சிலர் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். சரி, கடைசிக் காட்சிக்கு வாருங்கள். ரயில் போய்விட்டது, பையன் நடைமேடையிலேயே நிற்கிறான். அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மிசாத்தோ, தேடிக் காரில் வந்தவள், எதிரே. நெடுநேரம் ஒன்றும் அசையாது. பிறகு அவன் 'ததாய்மா' என்கிறான், அவள் 'ஒகாயெரி' என்கிறாள். வீடு திரும்புகிறவரும் வீட்டில் இருப்பவரும் அன்றாடம் சொல்லிக்கொள்வது. 'வந்துட்டேன்', 'வா வா' என்று நான் மாற்றிப் பார்த்தேன், பாதிதான் வருகிறது. 2ஆம் பகுதியில் மிசாத்தோவின் வீட்டு வாசலில் இதே இரண்டு சொற்கள் வந்தன. அப்போது இது உன் வீடு என்று அவள் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவன் கூச்சத்தோடு சொன்னான். இப்போது யாரும் சொல்லித்தரவில்லை. இந்தப் பகுதியின் உயிரே அந்தச் சொற்கள் திரும்பி வருவதில் இருக்கிறது. அவற்றில் படிமம் எங்கே?

'குறியீடு' போதும் என்றவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குறியீடு என்றால் பின்னால் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். இதே தொடரில் சிலுவை வந்துகொண்டே இருக்கிறது, வெடிப்பின் ஒளிகூடச் சிலுவை வடிவில் எழும். துணை இயக்குநராக இருந்த கசுயா சுருமாகியோ, அதில் கிறித்தவப் பொருள் ஏதும் இல்லை, பார்க்க வித்தியாசமாக இருக்கிறதென்றே வைத்தோம் என்று பின்னாளில் சொல்லிவிட்டார். அவரை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சிலுவை திரும்பத் திரும்ப வருகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. பொருள் உண்டா இல்லையா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாத ஒரு சொல்தான் நமக்கு வேண்டும்.

பள்ளித் தேர்வில் 'இக்குறளில் பயின்று வரும் அணி யாது?' என்று கேட்பார்களே, அந்தப் 'பயின்று'தான் எனக்கு வழி காட்டியது. பயிலுதல் என்றால் அடிக்கடி வருதல், பழகி வருதல். படம், ஓசை, வசனம், வண்ணம் எதுவானாலும் 'கூறு' என்பதில் அடங்கும். ஆக, பயில்கூறு. வினைத்தொகை என்பதால் வந்ததற்கும் வருவதற்கும் இனி வரப்போவதற்கும் பொருந்தும். வேற்றுமை உருபு ஏற்பதிலும் சிக்கலில்லை: பயில்கூற்றை, பயில்கூறுகளில்.

பயிலகம், பயிலரங்கு என்று பழகிய காதுக்கு இது ஏதோ பாடத்திட்டப் பகுதி போல ஒலிக்கும் என்பதுதான் பெரிய ஆட்சேபம். உண்மைதான், எனக்கே முதல்முறை அப்படித்தான் கேட்டது. ஆனால் 'இத்தொடரில் ரயில் ஒரு பயில்கூறு' என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், குழப்பம் குறைகிறது. நேற்று ஒருவர் முன்வைத்த 'மீள்கரு' அழகான சொல். ஆனால் 8ஆம் பகுதியில் ஒரு பெட்டிக்குள் நிஜமாகவே ஒரு கரு வந்து இறங்குகிறது. அதைப் பற்றி எழுதும்போது என்ன செய்வீர்கள்?

அப்புறம், 'தீம்' என்பதற்கு எல்லாரும் கருப்பொருள் என்கிறோம். தொல்காப்பிய வழியில் கருப்பொருள் என்பது திணைக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை போன்றவை. பிரிவோ ஏக்கமோ உரிப்பொருளில் சேரும். அந்தக் கணக்கில் சில்வண்டு கருப்பொருள், தனிமை உரிப்பொருள். ஆனால் ஊரே புழங்கும் சொல்லை இப்போது திருப்ப முடியாது, அந்த வழக்கைத் தோற்றதாகவே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் இந்தப் பகுதி பற்றிய கட்டுரையை முடித்தாக வேண்டும். பயில்கூறு கூடாதென்றால், 'ததாய்மா'வுக்கும் சில்வண்டுக்கும் சேர்த்துப் பொருந்துகிற வேறொரு சொல்லோடு எழுதுங்கள். 'மீள்படிமமே போதும்' என்று மட்டும் திரும்ப எழுத வேண்டாம்.