மயக்கத்தில் இருக்கும் விலங்குக்கு பி.பி. மருந்து: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மருந்தியல் ஆசிரியர்:
முதுகலை படித்தபோது என் ஆய்வு எலிகளில். யூரித்தேன் கொடுத்து மயங்க வைத்து, கழுத்துத் தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, அழுத்தத்தைத் திரையில் பார்ப்போம். ஆஞ்சியோடென்சின்-1 (உடலில் இது ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாறி ரத்தக்குழாயைச் சுருக்கும்) ஊசி போட்டால் கோடு குத்திட்டு எழும். அப்புறம் கேப்டோப்ரில் என்ற பி.பி. மருந்து. சில நிமிடம் கழித்து அதே ஊசியைப் போட்டால் கோடு லேசாக நெளிவதோடு சரி. ஆஞ்சியோடென்சின்-2 போட்டாலோ பழையபடி எகிறும். ஒன்றை இரண்டாக மாற்றும் நொதி மட்டும் அடைபட்டிருக்கிறது என்பதைப் புத்தகம் இல்லாமலே அன்று புரிந்துகொண்டேன்.

மாட்டிக்கொண்டது அடுத்த கட்டத்தில். கேப்டோப்ரிலால் அழுத்தம் மளமளவென இறங்கியதை வழிகாட்டியிடம் பெருமையாகக் காட்டினேன். "மருந்தே போடாத எலிக்கு ரெனின் எவ்வளவுப்பா?" என்றார். ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தொடங்கிவைக்கும் சிறுநீரக நொதிதான் ரெனின். அளந்து பார்த்தால் அதுவே ஏகத்துக்கும் கூடிக் கிடந்தது. மயக்கத்தில் அழுத்தம் தணிகிறது, கத்தி பட்டதும் அழுத்தத்தை ஏற்றும் சிம்பதெடிக் நரம்புகள் முடுக்கப்படுகின்றன, போதாக்குறைக்குப் பரிசோதனைக்கென்று நான் வேறு ரத்தம் உறிஞ்சுகிறேன். சிறுநீரகம் ரெனினைக் கொட்டாமல் என்ன செய்யும்? அந்த எலியின் அழுத்தமே ஆஞ்சியோடென்சினை ஊன்றிக்கொண்டுதான் நின்றது. நான் ஊன்றுகோலை உருவியிருக்கிறேன். உப்பு குறையாமல் தின்று விழித்திருக்கும் எலிக்கு அதே அளவு மருந்து பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முன்கூட்டியே குழாய் வைத்து, விழித்திருக்கும் எலிகளில் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். நான்கு மாதம் போயிற்று.

நாய், பூனை மருத்துவர்:
சார், நீங்கள் எலியில் பார்த்ததை நான் மேசையில் பார்த்தேன். இதய வால்வு கசியும் பொமரேனியன், வயது 11, தினமும் எனலாப்ரில், அதாவது கேப்டோப்ரில் வகை மாத்திரை. பல் பிடுங்க ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க வாயு கொடுத்தோம். காலை மாத்திரையையும் வழக்கம்போல் கொடுத்துவிட்டுத்தான் கூட்டி வந்திருந்தார்கள்; நான் கேட்கவில்லை, என் தப்பு. சராசரி அழுத்தம் 60-க்குக் கீழே போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அது 48-இல் நின்றது. மயக்க வாயுவைக் குறைத்து, திரவம் ஏற்றி, அழுத்தத்தை ஏற்றும் டோபமைன் சொட்டு போட்டபின்தான் 65-க்கு வந்தது.

அழுத்தம் சரிந்தால் உடலுக்குக் கைகொடுப்பவை மூன்று: சிம்பதெடிக் நரம்பு, ரெனின் வழி, வாசோபிரெசின் (ரத்தக்குழாயைச் சுருக்கி, சிறுநீரையும் குறைக்கும் ஹார்மோன்). முதலாவதை மயக்க மருந்து அமுக்கிவிடும், இரண்டாவதை மாத்திரை அடைத்துவிடும். மீதமிருப்பது வாசோபிரெசின் ஒன்றுதான். இப்போதெல்லாம் முதல் நாளே போன் செய்து, அன்று காலை அந்த மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுகிறேன். எல்லா நாய்க்கும் ஒரே பதில் கிடையாது.

கால்நடை மாணவி:
என் கதை வேறு மாதிரி அக்கா. ஒரு கன்றுக்குத் தையல் போட சைலசின் என்ற மயக்க மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தரையெல்லாம் சிறுநீர். சும்மா பழகிப் பார்க்கலாமே என்று ரத்தச் சர்க்கரையையும் அளந்தேன், கூடுதல்! "சார், கன்றுக்குச் சுகர்" என்று ஓடினேன். சிரித்துவிட்டு விளக்கினார்: அந்த மருந்து கணையத்தின் ஆல்ஃபா-2 ஏற்பியை (செல்லில் மருந்து ஒட்டும் இடம்) தொட்டு இன்சுலினை அடக்குகிறது, வாசோபிரெசினையும் தடுப்பதால் சிறுநீர் கொட்டுகிறது. சைலசினே 1962-இல் ஜெர்மனியில் மனிதருக்கான பி.பி. மருந்தாகத்தான் உருவானதாம், குளோனிடின் என்ற பி.பி. மருந்துக்கு உறவு. கன்று மறுநாள் சரியாக இருந்தது. விடுதியில் மட்டும் இன்றும் என் பெயர் 'சுகர் டாக்டர்'.